வெங்காய வேரிலிருந்து பெங்களூர் வரை: செல் உயிரியல், கணினி உயிரியல் கூட்டங்களுக்கும் பயிற்சிகளுக்கும் புதிதாகப் போகிறவர்களுக்கு

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை, ஆகஸ்டில் எம்.எஸ்சி. மாணவர்கள் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "சார், ஏதாவது கான்ஃபரன்ஸ் இருந்தா சொல்லுங்க. ரெண்டு சர்டிபிகேட் இருந்தா பயோடேட்டாவுல போட்டுக்கலாம்." நானும் இதே தர்மபுரியில் படித்தவன்தான். என் பழைய ஃபைலில் இப்படி வாங்கிய பதினோரு சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றில் எதையும் யாரும் இதுவரை கேட்டுப் பார்த்ததில்லை. பின்னாளில் பெங்களூர் லேப் ஒன்றில் சேர்ந்தபோது என்னிடம் கேட்கப்பட்டது, "நீ என்ன செய்து பார்த்தாய், எங்கே சிக்கிக்கொண்டாய்?" என்பது மட்டும்தான்.

ஆகவே எங்கே போவது என்பதை அப்புறம் பார்ப்போம். எதை எடுத்துக்கொண்டு போவது என்று முதலில் பார்த்துவிடலாம்.

முதல் வேலை: கையில் ஒரு கேள்வி

உயர்ந்த லேப் இருந்தால்தான் கேள்வி வரும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி செய்ததைச் சொல்கிறேன். செலவு இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது நமக்குப் புதிதல்ல. பல்லில் மஞ்சள் கறையோடு வளர்ந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் சேர்ந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அவளுடைய கேள்வி இதுதான்: எங்கள் ஊர் போர் தண்ணீரில் வளர்ந்தால் செல் பிரிவது குறையுமா?

மூன்று டம்ளர்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், ஒன்றில் டிஸ்டில்டு வாட்டர். வெங்காயத்தின் அடியிலிருக்கும் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, டம்ளர் வாயில் உட்காரவைத்தாள். அடிப்பகுதி மட்டும் நீரைத் தொட வேண்டும். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று புது வேர் இறங்கியது. வேர் நுனியைக் காலையில் வெட்டி, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த கலவையில் போட்டு, பிறகு சூடான நீர்த்த அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கவர் ஸ்லிப்பைக் கட்டை விரலால் அழுத்தினாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பு நூல்கண்டு மாதிரி குரோமோசோம்கள். ஒரு ஸ்லைடுக்கு ஆயிரம் செல்களை எண்ணி, அதில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று சதவீதமாகப் போட்டால் அதுதான் மைட்டாட்டிக் குறியீட்டெண்.

ஆயிரம் செல்லை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முந்நூறைத் தாண்டும்போதே கண் சொக்கும். அப்போதுதான் அவளுக்கு இரண்டாவது கேள்வி வந்தது: செல்போனை ஐபீஸில் வைத்து எடுத்த படத்தைக் கொடுத்தால் கணினி எண்ணித் தராதா? தரும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இமேஜ்-ஜே என்ற மென்பொருள் இலவசம். அதன் கூடுதல் வசதிகள் சேர்ந்த பதிப்பு ஃபிஜி. அதுவும் இலவசம்தான்.

இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் செல் உயிரியல் பக்கமும் கணினி உயிரியல் பக்கமும் கதவைத் தட்டலாம். வெறும் "ஆர்வம் உள்ளது" என்று மட்டும் எழுதினால் இரண்டுமே திறக்காது.

கூட்டம் வேறு, பயிற்சி வேறு

புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாநாடு என்பது மற்றவர்கள் கண்டுபிடித்ததைக் கேட்கவும், நீங்கள் செய்ததைக் காட்டவும் கூடும் இடம். அங்கே யாரும் உங்களுக்குப் பாடம் நடத்த மாட்டார்கள். பயிலரங்கில் ஆள் எண்ணிக்கை குறைவு. கையால் செய்து பழகலாம். ஸ்கூல் என்ற பெயரில் ஒன்று முதல் மூன்று வாரம் வரை நடப்பவையும் உண்டு. காலையில் கரும்பலகையில் பாடம், மதியம் கணக்கு அல்லது நிரல் எழுதும் பயிற்சி. பெயரைப் பார்த்துவிட்டு சின்னப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

என் கருத்து: முதலில் ஒரு பயிற்சிக்குப் போங்கள், மாநாட்டுக்கு அப்புறம் போகலாம். பயிற்சியில் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஐந்து நாள் சாப்பிட்டு, ஐந்து நாள் ஒரே பிழைச் செய்தியைப் பார்த்து முழித்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் நிலைக்கும். ஐந்நூறு பேர் கூடும் மாநாட்டில் புதியவர் தூணோரம் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதுதான் நடக்கும். நான் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.சி.பி. என்ற சுருக்கப் பெயரில் இரண்டு சங்கங்கள் இருக்கின்றன. இந்திய செல் உயிரியல் சங்கம் ஒன்று. அகில இந்திய செல் உயிரியல் மாநாட்டை நடத்துவது இவர்கள். மாநாடு ஊர் மாறி மாறி நடக்கும். இன்னொன்று பன்னாட்டுக் கணினி உயிரியல் சங்கம், 1997-ல் தொடங்கியது. இதன் பெரிய மாநாடு ஐ.எஸ்.எம்.பி., 1993-லிருந்து நடக்கிறது. இதற்கு மாணவர் மன்றமும், இந்தியாவில் மாணவர்களே நடத்தும் கிளைக் குழுவும் உண்டு. பணம் கட்டும் முன் எந்த ஐ.எஸ்.சி.பி. என்று பார்த்துக் கட்டுங்கள்.

பெங்களூர் நமக்குத்தான் பக்கம்

தர்மபுரியிலிருந்து சென்னை 300 கிலோமீட்டர். பெங்களூர் 130 சொச்சம். கிருஷ்ணகிரியிலிருந்து என்றால் 90, ஓசூரிலிருந்து 40. மாம்பழம், பூ, தக்காளி எல்லாம் தினமும் அந்தப் பக்கம் லாரி ஏறிப் போகிறது, கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் ஆட்கள் போகிறார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும் ஏனோ நம் பிள்ளைகள் சென்னையையே பார்க்கிறார்கள்.

பெங்களூரில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் தேசிய உயிரியல் அறிவியல் மையம், என்.சி.பி.எஸ். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. ஜி.கே.வி.கே. எனப்படும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அதே வளாகத்தில் ஸ்டெம் செல் நிறுவனமும், சி-கேம்ப் என்ற கருவி மையமும் இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பி, ஃப்ளோ சைட்டோமெட்ரி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போன்றவற்றுக்கு சி-கேம்பில் கட்டணப் பயிற்சிகள் நடக்கும். கட்டணம் நம் பைக்குக் கொஞ்சம் கனம்தான். ஆராய்ச்சி மாணவராகி, உங்கள் வேலைக்கு அந்தக் கருவி கட்டாயம் தேவை என்றான பிறகு போகலாம்.

கணினிப் பக்கம் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஐ.பி.ஏ.பி. என்ற உயிரித் தகவலியல் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே இருக்கிறது. ஓசூர், அத்திப்பள்ளி தாண்டினால் நகர நெரிசலுக்குள் நுழையும் முன்பே இறங்கிவிடலாம். ஓசூர்க்காரர்கள் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம்.

நகரத்தின் வடமேற்கு ஓரம், ஹெசரகட்டா பக்கம் ஐ.சி.டி.எஸ். என்ற பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. இயற்பியல், கணித ஆட்கள் நடத்தும் இடம். ஆனால் உயிரியலைக் கணக்கால் அணுகும் பயிற்சிகளும் அங்கே நடக்கும். தேர்வானவர்களுக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் வளாகத்திலேயே கிடைப்பது வழக்கம். உரைகளை எல்லாம் யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் ஒன்றிரண்டு பழைய உரைகளைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தலை சுற்றினால் பரவாயில்லை, எல்லோருக்கும் சுற்றும். ஐந்தே நிமிடத்தில் மூட வேண்டியதாகிவிட்டால் கொஞ்சம் கணிதம் படித்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள்.

இந்திய அறிவியல் கழகம், ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு மையம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் எழுதவில்லை. சென்னையை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்திலும், ஐ.ஐ.டி.யிலும் நல்ல கணினி உயிரியல் குழுக்கள் இருக்கின்றன. இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டில் வேர் பழையது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் குழு காட்டிய ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இன்று ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்துச் சொல்லும் புரத வடிவத்தையும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024-ல் நோபல் பரிசு கொடுத்தபோது எங்கள் வகுப்பில் இதைச் சொன்னேன். பாதிப் பேருக்கு ராமச்சந்திரன் என்றால் எம்.ஜி.ஆர். மட்டும்தான்.

இவை எல்லாவற்றின் அறிவிப்புகளையும் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். இந்தியா பயோசயின்ஸ் என்ற தளத்தில் நிகழ்ச்சிகள், பயிற்சிகள், உதவித்தொகைகள், வேலைகள் எல்லாம் ஒரே இடத்தில் வருகின்றன. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்குவது

பெங்களூர் போகும் முன் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பயிற்சிக்குப் போய் முதல் நாள் காலையில் "டெர்மினலைத் திறங்கள்" என்பார்கள். கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சன்னல் அது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்காதீர்கள்.

நான்கு ஜி.பி. நினைவகமுள்ள அரசு மடிக்கணினி போதும். பெரிய கணக்கைச் செய்வது உங்கள் கணினி இல்லை, தூரத்து சர்வர். கேலக்ஸி என்ற தளத்தில் பிரவுசருக்குள்ளேயே மரபணு வரிசைகளை அலசலாம். நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை, பாடங்களும் அதனுடனேயே இருக்கின்றன. பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்க, பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கொலாப் போதும். ஐரோப்பிய உயிரித் தகவலியல் நிறுவனத்தின் இணையப் பாடங்கள் இலவசம். யூனிப்ராட், என்செம்பிள் போன்ற தகவல் தளங்களை நடத்துகிறவர்களே அவற்றைப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறார்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பாடங்களும் உண்டு. பார்ப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம்.

எல்லாவற்றிலும் பதிவு செய்துவிட்டு எதையும் முடிக்காமல் விடுவது நம் பொது நோய். ஒன்றை எடுங்கள். உங்கள் கேள்விக்கு எது தேவையோ அதை. வெங்காய வேர்க்காரி ஃபிஜியை மட்டும் எடுத்தாள். ஆறு வாரத்தில் படத்திலிருந்து செல்லைப் பிரித்து எண்ணும் அளவுக்கு வந்துவிட்டாள். பிரியும் செல்லையும் பிரியாத செல்லையும் தானாகவே வேறுபடுத்துவதில்தான் சிக்கினாள். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் செல்களைக் கணினி ஒரே செல்லாக எண்ணிவிடுகிறது. அந்தச் சிக்கல்தான் அவளுடைய விண்ணப்பத்தின் முதல் வரியானது.

விண்ணப்பம் எழுதுவது

பெரும்பாலான பயிற்சிகளுக்கு இரண்டு விஷயம் கேட்பார்கள்: ஏன் வர விரும்புகிறீர்கள் என்று 200, 300 சொல்லில் ஒரு குறிப்பு, ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் தமிழில் யோசித்து முதலில் தமிழிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத்தில் நேரடியாக எழுதினால் நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள்.

அந்தக் கடிதம் இப்படி இருக்கும்: "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம். புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் நடக்கும் பயிற்சியில் கலந்துகொண்டு என் அறிவை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்." இதைப் படிப்பவர் ஒரே நாளில் நூறு படிப்பார். எல்லோருக்கும் சிறு வயதிலிருந்தே ஆர்வம்தான்.

வெங்காய வேர்க்காரி எழுதியது இப்படி: "வெங்காய வேர் நுனியில் பிரியும் செல்களைச் செல்போன் படத்திலிருந்து எண்ண முயல்கிறேன். இதுவரை 40 படங்கள் எடுத்திருக்கிறேன். கையால் எண்ணியதும் கணினி எண்ணியதும் ஒட்டவில்லை. செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில்தான் தவறு வருகிறது. அவற்றைப் பிரிக்கும் முறையை உங்கள் மூன்றாம் நாள் பாடத்தில் கற்க நினைக்கிறேன்." கடைசி வரியைக் கவனியுங்கள். நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறாள். அவளுக்கு இடம் கிடைத்தது.

சிபாரிசுக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்திய இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். பத்து நாள் முன்பே கேளுங்கள். கூடவே நீங்கள் செய்ததைப் பத்து வரியில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் "ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்" என்று எழுதிக் கொடுப்போம். எங்களுக்கும் வேலை இருக்கிறது. அப்புறம் போனஃபைட் சான்றிதழும் ஆன் டியூட்டி அனுமதியும். கல்லூரி அலுவலகத்தில் இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு மாதம் முழுதாக லேப்பில் இருந்து பழக விரும்புகிறவர்களுக்கு மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது. உதவித்தொகை உண்டு. ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். கோடைக்குத்தானே என்று மார்ச்சில் தேடாதீர்கள். முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

இதே அகாதமிகள் கல்லூரிகளில் இரண்டு மூன்று நாள் விரிவுரைப் பயிலரங்குகளும் நடத்துகின்றன. கல்லூரி விண்ணப்பித்தால் விஞ்ஞானிகள் நம் ஊருக்கே வருவார்கள். உங்கள் துறைத்தலைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முப்பது பேர் பெங்களூர் போவதைவிட மூன்று பேர் தர்மபுரி வருவது சுலபம்.

போலிக் கூட்டங்கள்

மெயிலில் "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று உங்களை அழைத்து ஒரு மாநாட்டு அழைப்பு வந்தால் உஷாராகுங்கள். நீங்கள் இன்னும் எம்.எஸ்சி. முடிக்கவில்லை. ஒரே ஹோட்டலில், ஒரே தேதியில் செல் உயிரியல், சிவில் இன்ஜினியரிங், வணிக மேலாண்மை மூன்றும் நடக்கிறதா? உங்கள் ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே "ஏற்கப்பட்டது" என்று வந்து, கூடவே பணம் கட்டும் இணைப்பும் வந்ததா? பேச்சாளர் பட்டியலில் இருப்பவரின் சொந்தப் பக்கத்தில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையா? விட்டுவிடுங்கள். இது சின்ன ஏமாற்று வேலை இல்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த, இப்படி இதழ்களும் மாநாடுகளும் நடத்திய ஒரு குழுமம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

என் பதினோரு சான்றிதழ்களில் மூன்று இந்த ரகம். ஒன்றில் என் பெயரையே தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

பணம்

உள்நாட்டுக் கூட்டங்களில் மாணவர் கட்டணம் தனி. முன்கூட்டியே பதிந்தால் இன்னும் குறையும். பல கூட்டங்கள் சில மாணவர்களுக்குப் பயண உதவி தருகின்றன. ஆனால் விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்தவர்களுக்குத்தான். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மாநாட்டுக்கு என்றால் உயிரித் தொழில்நுட்பத் துறையும், ஏ.என்.ஆர்.எஃப். எனப்படும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் பயண உதவி தருகின்றன. அதெல்லாம் ஆராய்ச்சி மாணவரான பிறகு, கையில் ஏற்கப்பட்ட சுருக்கம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போஸ்டர்: ஃப்ளெக்ஸ் கடையில் கவனிக்க வேண்டியது

முதல் மாநாட்டில் மேடைப் பேச்சு கிடைக்காது. போஸ்டர்தான் கிடைக்கும், அதாவது செய்ததை ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்குவது. அதுவே நல்லது. அளவு பெரும்பாலும் ஏ-ஜீரோ: 841 மில்லிமீட்டர் அகலம், 1189 உயரம். நம் ஊரில் யாரும் மில்லிமீட்டரில் அடிப்பதில்லை, எல்லாம் அடிக் கணக்கு. மூன்றுக்கு நான்கு என்று சொல்லி, ஓரத்தில் வெள்ளை விட்டு, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலையம் பக்கத்திலிருந்த ஒரு கடையில் என் முதல் போஸ்டரை அடித்தேன். காதுகுத்து, புதுமனைப் புகுவிழா பேனர்களுக்கு நடுவே என் செல் படங்கள். கடைத் தம்பி ஃபைலைத் தன் மென்பொருளில் திறந்து, எழுத்துரு இல்லை என்று ஏதோ காட்ட, ஓகே தட்டிவிட்டார். மறுநாள் பெங்களூரில் போஸ்டரை ஒட்டி முடித்தபிறகுதான் பார்க்கிறேன். மைக்ரோவைக் குறிக்கும் மியூ எழுத்து எல்லா இடத்திலும் எம் என்று மாறிக் கிடக்கிறது. பத்து மைக்ரோமோலார் பத்து மில்லிமோலார் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு! முதலில் வந்து நின்றவர் கேட்டதே அதுதான்: "இவ்வளவு ஊற்றினால் செல் உயிரோடு இருக்குமா?" பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஃப்ளெக்ஸில் பேனா சரியாகப் பிடிக்காது என்பதையும் அன்றுதான் கற்றேன்.

ஆகவே ஃபைலை பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருவை உள்ளேயே பதித்துக் கொண்டுபோங்கள். அச்சடிக்கும் முன் கடைத் திரையில் கிரேக்க எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை. பளபளப்பு வேண்டாம், விளக்கொளி பட்டால் படிக்க முடியாது. எழுத்தைக் குறையுங்கள். இரண்டடி தள்ளி நின்று அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் புரியாவிட்டாலும் எழுத்து தெரிய வேண்டும்.

போய்ச் சேர்வது

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது, பேருந்துதான். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு. எதில் போனாலும் ஒரு கணக்கை மறக்காதீர்கள். நம் பேருந்துகள் பெங்களூரின் தெற்கு வாசலில் நுழைகின்றன, என்.சி.பி.எஸ். இருப்பது வடக்குக் கோடியில். கிருஷ்ணகிரியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வருகிற நேரம், அங்கிருந்து ஜி.கே.வி.கே. போவதற்கும் ஆகலாம். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ ஓடுகிறது. பொம்மசந்திரா அல்லது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, அங்கிருந்து ஹெப்பால் வழியாக யெலஹங்கா போகும் பேருந்தைப் பிடியுங்கள். ஜி.கே.வி.கே. கேட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், கேட்டில் கேட்பார்கள்.

காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு அன்றே கிளம்பாதீர்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பத் தயங்குவார்கள். அமைப்பாளர் அனுப்பிய தேர்வுக் கடிதத்தையும், விடுதி இடம் ஒதுக்கிய மெயிலையும் அச்செடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். துறை ஆசிரியரை ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசச் சொல்லுங்கள். நானே பலமுறை பேசியிருக்கிறேன். "அண்ணனும் கூட வரட்டும்" என்று ஒரு வீட்டில் சொல்ல, அண்ணன் வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அங்கே போன பிறகு

முதல் அதிர்ச்சி, பெரிய விஞ்ஞானியை மாணவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. நமக்கு நாக்கு வராது. சார், மேடம் என்றே சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வந்தவுடன் எழுந்து நின்று போஸ்டரை மறைக்காதீர்கள்.

எல்லா உரைகளையும் கேட்க வேண்டும் என்பதில்லை. காலையில் நிரலைப் பார்த்து நான்கு உரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். புரியாத உரையில் தூங்குவதைவிட வெளியே வந்து போஸ்டர் பார்ப்பது மேல். கேள்வி கேட்க ஆங்கிலம் தடுக்கினால், தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். "அந்த மூன்றாவது படத்தில் கன்ட்ரோல் என்ன?" அவ்வளவு போதும். மைக்கில் கேட்கப் பயமாக இருந்தால் டீ நேரத்தில் கேளுங்கள். பெங்களூர் லேப்களில் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள்.

உங்கள் போஸ்டர் முன் நின்று யாராவது கேட்டால் முழு வரலாற்றையும் சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம்: என்ன கேள்வி, என்ன செய்தேன், என்ன வந்தது, எங்கே நிற்கிறேன். வெங்காய வேர்க்காரியிடம் ஒருவர் வந்து படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும்கூட அதிகம் இருக்குமே. செல் பிரிவது குறைந்ததற்கு ஃப்ளோரைடுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய்?" அவளிடம் பதில் இல்லை. "தெரியலை சார்" என்றாள். அது தப்பில்லை. "டிஸ்டில்டு வாட்டரில் சோடியம் ஃப்ளோரைடை மட்டும் அளந்து போட்டு ஒரு டம்ளர் வைத்துப் பார்" என்று சொல்லிவிட்டு, தன் மெயில் முகவரியையும் எழுதிக் கொடுத்துப் போனார். நான் அந்தப் போஸ்டரை அச்சுக்கு முன் நான்கு முறை திருத்தியவன். எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர் போஸ்டரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வெளியிடாத முடிவுகள் இருக்கும். கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள் போன்ற சில இடங்களில் படம் எடுப்பதற்கும் பதிவு செய்வதற்கும் விதிப்படியே தடை உண்டு.

திரும்பி வந்ததும்

இரண்டு நாளுக்குள் மெயில் எழுதிவிடுங்கள். நான்கு வரி போதும்: யார், எந்த போஸ்டர், அவர் என்ன சொன்னார், அதை எப்போது செய்யப் போகிறீர்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். வெங்காய வேர்க்காரி மட்டும் உடனே எழுதவில்லை. நான்காவது டம்ளரை வைத்து எண்ணி முடித்து, அந்த எண்களோடு எழுதினாள். அன்றே பதில் வந்தது.

பயிற்சியில் கற்றதை அந்த வாரமே ஜூனியர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். பாதி மறந்திருப்பது அப்போதுதான் தெரியும், குறிப்பேட்டைத் திரும்பப் பார்ப்பீர்கள்.

அப்புறம் பயணச் செலவு. பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் பேருந்து டிக்கெட், மெட்ரோ ரசீது, போஸ்டர் பில் எல்லாவற்றையும் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். கண்டக்டர் மெஷினில் கிழித்துத் தரும் சீட்டைப் பர்ஸில் வைத்தால், கல்லூரி அலுவலகம் கேட்கும் நாளில் அது வெறும் வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும்.